ஒரே கோப்பையில் மூன்று திராட்சை: டஸ்கனியின் சிவப்புக் கலவையைச் சுவைப்பது

1967இல் இத்தாலிய அரசு கியாந்தி ஒயினுக்கு வகுத்த விதிகளை இன்று படித்தால் சிரிப்புதான் வரும். இத்தாலியின் நடுப்பகுதியிலுள்ள டஸ்கனி வட்டாரத்தின் பெயர்பெற்ற சிவப்பு ஒயின் அது. அதில் குறைந்தது 10 சதவீதம் வெள்ளைத் திராட்சை இருந்தே ஆக வேண்டும், 30 சதவீதம் வரையும் போகலாம் என்றது விதி. சிவப்புத் திராட்சையை மட்டும் வைத்துப் பார்த்துப் பார்த்து ஒயின் செய்தவர் புட்டியில் கியாந்தி என்று போட்டுக்கொள்ள முடியாது.

சில ஆண்டுகளிலேயே, அந்தப் பகுதியின் மிகப் பழைய ஒயின் குடும்பங்களில் ஒன்று அந்தப் பெயரே வேண்டாம் என்று ஒதுங்கியது. கடைநிலை ஒயினுக்கான 'வீனோ தா தாவோலா', அதாவது சாப்பாட்டு மேசை ஒயின், என்ற முத்திரையோடு தன் சரக்கை விற்றது. இன்று அந்தப் புட்டியின் விலை நல்ல கியாந்தியைப்போலப் பல மடங்கு. பெயர் தின்யானெல்லோ. டஸ்கனிக் கலவையைச் சுவைக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொரு திராட்சையையும் யார் எதற்காகச் சேர்த்தார்கள் என்பது தெரிந்தால்தான் கோப்பைக்குள் எதைத் தேடுவது என்பது பிடிபடும்.

எல்லாவற்றுக்கும் மையம் சாஞ்சொவேசே என்ற திராட்சை. இத்தாலியில் மிக அதிகமாகப் பயிராகும் சிவப்பு ரகம் அதுதான். வாசனை அபாரம். புளிப்பு தூக்கல், துவர்ப்பும் தூக்கல். நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறிப்போகும். தோலில் இருக்கும் நிறமிகள் கேபர்னே, மெர்லோ போன்ற பிரெஞ்சு ரகங்களில் இருப்பதுபோல உறுதியாக நிற்பதில்லை. பழுக்கவும் நாளெடுக்கும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ மழை முந்திக்கொண்டால் பழம் முழுசாகப் பழுக்காது. அப்போது புளிப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும், நடுவில் சதை இருக்காது. ஒயின்காரர்கள் 'நடுநாக்கில் பள்ளம்' என்று குறைப்படுவது இதைத்தான். வாயில் வைத்ததும் சுறுசுறுப்பாகத் தொடங்கும், கடைசியில் துவர்ப்போடு முடியும், இடையில் ஒன்றுமே இராது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் துணைத் திராட்சை.

துணையை முறையாக யோசித்தவர் பெத்தினோ ரிகாசோலி. ஒன்றுபட்ட இத்தாலிக்குக் கவூருக்கு அடுத்து இரண்டாவது பிரதமராக இருந்தவர். பதவிக்கு வெளியே, ப்ரோலியோ கோட்டையில் பல்லாண்டுகள் திராட்சைக் கலவைகளைச் சோதித்துக்கொண்டிருந்த பிடிவாதக்காரர். 1872இல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் சேசரே ஸ்துதியாத்திக்கு அவர் எழுதிய கடிதம்தான் 'கியாந்தி சூத்திரம்' என்று இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் சாரம்: ஒயினுக்கு வாசனையையும் வீரியத்தையும் தருவது சாஞ்சொவேசே. அதன் கடுமையைத் தணிப்பது கனாயோலோ என்ற இன்னொரு சிவப்பு ரகம். தனக்கும் வாசனை உண்டு என்பதால் முதலாவதன் வாசனையை அது கெடுப்பதில்லை. வெள்ளைத் திராட்சையான மால்வாசியா இந்த இரண்டையும் நீர்க்கச் செய்து, அன்றாடச் சாப்பாட்டோடு சீக்கிரம் குடிக்கத் தோதாக்கும். வைத்திருந்து முதிரவிடும் ஒயினுக்கு அது தேவையில்லை.

கடைசி வரியைச் சட்டம் எழுதியவர்கள் கண்டுகொள்ளவில்லை. போதாததற்கு, ரிகாசோலி பேச்செடுக்காத த்ரெப்பியானோ என்ற இன்னொரு வெள்ளை ரகத்தையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். காரணம் சுவையே இல்லை. த்ரெப்பியானோ கொட்டிக் காய்க்கும், மலைச்சரிவு முழுக்க அதுதான் இருந்தது. அதைப் பிடுங்கச் சொன்னால் குடியானவர்கள் என்ன செய்வார்கள்? டஸ்கனியில் நூற்றாண்டுகளாக நடந்துவந்த, விளைச்சலை நிலக்காரரோடு பங்கிடும் வாரச் சாகுபடி அப்போதுதான் உடைந்துகொண்டிருந்தது. புதிய வார ஒப்பந்தங்களை 1964ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. ஆட்கள் ஊரைவிட்டு ஆலைக்குப் போனார்கள், நிலத்தில் அவசர அவசரமாக அதிக விளைச்சல் ரகங்கள் ஏறின. வைக்கோல் சுற்றிய குண்டுப்புட்டியில் உலகெங்கும் போன கியாந்தி மெலிந்து, வெளிறி, விலை குறைந்த சரக்காக ஆனது இப்படித்தான்.

கலகம் முதலில் கடற்கரைப் பக்கம் கிளம்பியது, கியாந்தி மலைகளுக்கு வெளியே. போல்கெரியில் மாரியோ இன்சீசா தெல்லா ரோக்கெத்தா என்ற பிரபு, பிரான்சின் போர்தோ ஒயின்மீது கொண்ட ஆசையால், 1940களில் கேபர்னே நட்டு வீட்டுத் தேவைக்கு ஒயின் செய்துகொண்டிருந்தார். 1968ஆம் ஆண்டு அறுவடையிலிருந்துதான் அது சஸ்ஸிகாயா என்ற பெயரில் கடைக்கு வந்தது. லண்டனின் டிகேன்டர் இதழ் 1978இல் நடத்திய கேபர்னே ஒப்பீட்டில் 1972ஆம் ஆண்டு சஸ்ஸிகாயா முதலிடம் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்களோடு இத்தாலியர்களுக்கும் அதிர்ச்சி. ஆனால் அதில் சாஞ்சொவேசே துளியும் இல்லை. 85 சதவீதம் கேபர்னே சோவினியோன், மீதி கேபர்னே ஃபிராங்க். போர்தோவின் வார்ப்பில் டஸ்கனி மண். நல்ல ஒயின்தான். டஸ்கனிக் கலவையின் சிக்கல் என்று நான் சொல்வது அதில் எழவே எழாது.

சிக்கலை நேரே எதிர்கொண்டது அந்தினோரி குடும்பம். 1385 முதல் ஒயின் தொழிலில் இருப்பவர்கள். க்ரேவே, பெஸா ஆறுகளின் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே உள்ள தின்யானெல்லோ தோட்டத்தின் பழத்தை 1970இல் தனியாகப் புட்டியில் அடைத்தார்கள். அப்போது அது கியாந்தி கிளாசிகோ ரிசெர்வா, அதாவது கியாந்தியின் பழைய மையப் பகுதியில் விளைந்து கூடுதல் காலம் முதிரவிட்ட ஒயின். கனாயோலோவும் கொஞ்சம் வெள்ளைத் திராட்சையும் உண்டு. 1971இல் பெயர் தின்யானெல்லோ ஆனது, கியாந்தி போயிற்று. 1975இல் வெள்ளைத் திராட்சை முற்றாக வெளியேறியது. 1982இலிருந்து கலவை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது: சாஞ்சொவேசே 80, கேபர்னே சோவினியோன் 15, கேபர்னே ஃபிராங்க் 5. இதற்குப் பின்னால் நின்ற ஒயின் நிபுணர் ஜாகோமோ தாகிஸ். சஸ்ஸிகாயாவை வளர்த்தெடுத்ததும் அவர்தான். சாஞ்சொவேசேயைப் பெரிய பழைய மரத்தொட்டிகளில் வைக்கும் வழக்கத்தை மாற்றி, 225 லிட்டர் பிடிக்கும் பிரெஞ்சுப் பாணிச் சிறு ஓக் பீப்பாய்களில் முதிரவைத்ததும் அப்போதைக்குப் பெரிய துணிச்சல்.

சட்டம் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. 1984இல் கட்டாய வெள்ளைத் திராட்சை வெறும் பெயரளவுக்கு இறங்கியது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் வட்டார அடையாளத்துக்கென ஐஜிடி என்ற புதுப் பிரிவை உண்டாக்க, 'மேசை ஒயின்' என்ற கேலிக்கூத்து ஓய்ந்தது. தின்யானெல்லோ இன்றும் 'தோஸ்கானா ஐஜிடி'தான். கியாந்தி கிளாசிகோவில் சாஞ்சொவேசே மட்டுமே போதும் என்ற அனுமதி 1996இல் வந்தது. 2006 அறுவடையிலிருந்து அங்கே வெள்ளைத் திராட்சைக்கே தடை. நாற்பது ஆண்டுக்குள் கட்டாயம் தடையாகிவிட்டது.

இப்போது கோப்பைக்கு வருவோம். 80-15-5 கணக்கில் கலந்த ஓர் ஒயின், அறுவடையாகி ஆறேழு ஆண்டு ஆனது, கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்த்துப் பிடித்து வெள்ளைத் தாளின்மேல் பாருங்கள். நடுவில் மாணிக்கச் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறத்தின் சாயல். இருபதே சதவீதம் இருக்கும் கேபர்னே செய்யும் முதல் வேலை இந்த நடு நிறம். சாஞ்சொவேசே மட்டும் என்றால் கோப்பைக்கு அடியில் பிடித்த எழுத்தை ஓரளவு படிக்கலாம். விளிம்பு வெளிறுவது மட்டும் சாஞ்சொவேசேயின் குணம். அதைக் கேபர்னேயால் மறைக்க முடியாது. விளிம்புவரை மையாகக் கறுத்திருந்தால், 80 சதவீதம் சாஞ்சொவேசே என்று சொல்வதை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள். முதலில் எழுவது புளிப்புச் செர்ரி. நம் ஊர் பேக்கரியில் கேக்கின் தலையில் குந்தியிருக்குமே, அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப்பாகில் ஊறவைத்த களாக்காய். வேடிக்கை என்னவென்றால், பாகில் போடாத பழுத்த களாக்காயின் புளிப்பும் துவர்ப்பும்தான் சாஞ்சொவேசேக்கு நம் நாக்கு அறிந்த மிக நெருங்கிய உறவு. செர்ரிக்குப் பின்னால் காய்ந்த மூலிகை, புகையிலை, கொஞ்சம் தோல் வாடை. வயது ஏறஏற இவை தூக்கலாகும், பழம் பின்னால் போகும்.

பிறகு சுழற்றி முகருங்கள். இப்போது கறுத்த பழ வாசனை ஒன்று அடியிலிருந்து வரும், அது கேபர்னே. அதனோடு சில சமயம் குடைமிளகாயை நறுக்கியதுபோல ஒரு பச்சை வாடை. பைரசீன் என்ற சேர்மத்தின் வேலை அது. லிட்டருக்குப் பத்துப் பதினைந்து நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழம் நன்றாகப் பழுத்தால் அது குறைந்துவிடும், குளிர்ந்த ஆண்டில் தங்கிவிடும். வனிலா, கிராம்பு வாசனை எழுந்தால் அது பீப்பாய் பேசுகிறது. புது ஓக் மரத்தை உள்பக்கம் தீயில் வாட்டும்போது உண்டாகும் மணம் அது. திராட்சைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ருசிபார்க்கப் பழகாதவர்கள் வனிலாவைத்தான் 'உயர்ந்த ஒயின்' என்று எண்ணிக்கொள்வார்கள். விற்பவர்களுக்கும் அது தெரியும்.

ஒரு வாய் எடுத்துக்கொண்டு உடனே விழுங்காதீர்கள். நாக்கின் இரண்டு ஓரத்திலும் எச்சில் ஊறும். புளிப்பு வேலை செய்கிறது. சாஞ்சொவேசேயின் முதல் அடையாளம் இதுதான், எவ்வளவு கலந்தாலும் போகாது. அடுத்த நொடியில் நடுநாக்கைக் கவனியுங்கள். முன்னே சொன்ன பள்ளம் நிரம்பியிருக்கிறதா? நல்ல கலவையில் அங்கே ஒரு திரட்சி இருக்கும். பிறகு துவர்ப்பு. ஒயினிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதத்தோடு ஒட்டி அதைப் பிரித்துவிடுவதால் வாய் வழுக்கலை இழந்து சொரசொரக்கிறது. சாஞ்சொவேசேயின் துவர்ப்பு எனக்கு எப்போதும் மேலீறில் சற்றுக் கூர்மையாகப் படும். கேபர்னேயின் துவர்ப்பு பரந்தது, கன்னத்தின் உட்பக்கம் முழுக்கப் பரவும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் கலப்பு நடந்திருக்கிறது என்று பொருள். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தால் ஒயின் இன்னும் இளசு, மூடிவைக்கலாம்.

விழுங்கியபின் எது மிஞ்சுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். செர்ரியின் புளிப்பும் மூலிகைக் கசப்பும் மிஞ்சினால் வீட்டுக்காரரான சாஞ்சொவேசே இன்னும் வீட்டில் இருக்கிறார். கறுத்த பழமும் வனிலாவும் மட்டுமே மிஞ்சினால் விருந்தாளியான கேபர்னே வீட்டை எடுத்துக்கொண்டுவிட்டார்.

இது வெறும் ரசனைச் சண்டை இல்லை. கேபர்னேயின் வாசனையும் நிறமும் அவ்வளவு உரத்தவை. சாஞ்சொவேசே எளிதில் அமுங்கிவிடும். ஒரே மாதிரி சாஞ்சொவேசேயில் ஐந்து சதவீதம் கேபர்னே சேர்த்ததையும் பதினைந்து சேர்த்ததையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். அதனால்தான் பெரும்பாலான ஒயின்கூடங்களில் ரகங்களைத் தனித்தனியே நொதிக்கவிடுகிறார்கள். அவை பழுக்கும் காலமும் வேறு வேறு. மெர்லோ செப்டம்பர் தொடக்கத்திலேயே தயாராகிவிடும், சாஞ்சொவேசே வாரக்கணக்கில் காக்கவைக்கும். பிறகு அளவுக் குழாயில் சின்னச் சின்னக் கலவைகள் செய்து, வரிசையாக வைத்துச் சுவைத்து, விகிதத்தை முடிவுசெய்வார்கள். எழுதிவைத்த விகிதம் வழிகாட்டி மட்டுமே. 2014 மாதிரி மழையில் நனைந்த ஆண்டின் பழத்துக்கும், 2017 மாதிரி வறண்டு கொதித்த ஆண்டின் பழத்துக்கும் ஒரே துணை ஒரே அளவில் பொருந்தாது.

1990களில் இந்த அளவு பல இடங்களில் தவறியது என்பது என் அபிப்பிராயம். அமெரிக்க விமர்சகர்களின் மதிப்பெண் விலையை நிர்ணயித்த காலம். கறுப்பாக, கெட்டியாக, ஓக் மணக்க இருந்தால் மதிப்பெண். 'சூப்பர் டஸ்கன்' என்ற பட்டப்பெயரில் வந்த பல புட்டிகளைக் கண்ணை மூடிக் குடித்தால் ஆஸ்திரேலியாவா கலிஃபோர்னியாவா என்று கேட்கத் தோன்றும். எதிர்த்துப் போனவர்களும் இருந்தார்கள். ராத்தாவிலிருந்த மொன்தேவெர்த்தினேயின் செர்ஜோ மனேத்தி 1977 அறுவடையில் லே பெர்கோலே தோர்தே என்ற ஒயினைச் சாஞ்சொவேசேயில் மட்டுமே செய்தார். அவரும் சட்டத்தோடு மோதினார், அவரும் கியாந்தி பெயரை விட்டார், ஆனால் பிரெஞ்சுத் திராட்சையின் பக்கம் போகவில்லை. வெள்ளைத் திராட்சையை நீக்கி, தோட்டத்தைச் சரியாகப் பராமரித்தாலே போதும் என்பது அவர் வாதம்.

காலம் அவர் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. 1980களின் பிற்பாதியில் தொடங்கிய 'கியாந்தி கிளாசிகோ 2000' என்ற ஆய்வுத் திட்டம், கொட்டிக் காய்ப்பதை விட்டு, சிறு குலையும் தடித்த தோலும் கொண்ட சாஞ்சொவேசே வகைகளைப் பொறுக்கி எடுத்தது. வெயிலும் கூடிவிட்டது, முன்பு பத்தாண்டில் மூன்று நான்கு முறை முழுசாகப் பழுத்த திராட்சை இப்போது பெரும்பாலும் பழுத்துவிடுகிறது. நடுநாக்குப் பள்ளம் தானாகவே சுருங்கும்போது அதை நிரப்ப வந்தவருக்கு வேலை குறைகிறது. கியாந்தி கிளாசிகோவின் உச்சப் பிரிவான கிரான் செலெசியோனே, 2027 அறுவடை முதல் குறைந்தது 90 சதவீதம் சாஞ்சொவேசே இருக்க வேண்டும், மிச்சம் உள்ளூர்ச் சிவப்பு ரகங்களாகவே இருக்க வேண்டும் என்கிறது. ரிகாசோலியின் கனாயோலோ திரும்பி வருகிறது. நிறத்துக்கென்றே பெயர் வாங்கிய கொலோரினோவும் வருகிறது. தின்யானெல்லோ இந்தப் பிரிவுக்குள் வராது, வரவும் வேண்டாம். அதன் கலவையில் விருந்தாளிக்கு எல்லை தெரியும்.

கடையில் வாங்கும்போது ஒரு தொல்லை உண்டு. இத்தாலியப் புட்டியின் முகப்பில் பெரும்பாலும் விகிதம் இருக்காது. 'கியாந்தி கிளாசிகோ' என்றும் கறுப்புச் சேவல் முத்திரையும் இருந்தால் 80 சதவீதத்துக்குக் குறையாமல் சாஞ்சொவேசே நிச்சயம். வெறும் 'கியாந்தி' என்றால் 70 சதவீதமே போதும், வெள்ளைத் திராட்சைக்கும் இன்னும் கொஞ்சம் இடம் உண்டு. 'தோஸ்கானா ஐஜிடி' என்றால் எதுவும் இருக்கலாம். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த ஆண்டுக்கான குறிப்பைப் பார்த்துக்கொள்வதே வழி.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு உள்ளூரிலேயே ஒரு வழியும் உண்டு. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் உள்ள ஃபிராட்டெலி நிறுவனம் இத்தாலியச் சகோதரர்களும் இந்தியச் சகோதரர்களும் சேர்ந்து தொடங்கியது. ஒயின் செய்யும் பொறுப்பை ஏற்றவர் டஸ்கனிக்காரரான பியேரோ மாசி. அவர்களின் 'செத்தே' என்ற ஒயின் சாஞ்சொவேசேயும் கேபர்னே சோவினியோனும் கலந்தது. தக்காணத்தின் வெயிலில் விளைந்த பழம் டஸ்கனியின் கூர்மையான புளிப்பைத் தராது. ஆனாலும் இரண்டு ரகங்களையும் ஒரே கோப்பையில் பிரித்தறியப் பழக இது போதும், இறக்குமதி வரியும் இல்லை.

எதை வாங்கினாலும் நம் ஊர் வெப்பத்தில் அப்படியே ஊற்றாதீர்கள். 'அறை வெப்பநிலை' என்று ஒயின் புத்தகங்கள் சொல்வது ஐரோப்பியக் கல்வீட்டின் 16 முதல் 18 டிகிரி. 32 டிகிரியில் ஆல்கஹால் மூக்கில் ஏறி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். 18 டிகிரிக்கு இறங்கும்வரை ஃபிரிட்ஜில் வைத்தெடுங்கள். மிகவும் குளிர்ந்துவிட்டால் துவர்ப்பு தடித்துப்போகும், வாசனை அடங்கிவிடும். கோப்பையை உள்ளங்கையில் சற்று நேரம் ஏந்தினால் திரும்பும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், சுழற்ற இடம் வேண்டுமே. பலவற்றை ஒப்பிட்டுச் சுவைக்கும்போது தொழில்முறைச் சுவைஞர்கள் துப்பிவிடுகிறார்கள். அதில் கூச்சப்பட ஏதுமில்லை, நாலாவது கோப்பையில் நாக்கு பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

டஸ்கனியில் இதைத் தனியாகக் குடிப்பவர்கள் குறைவு. தீயில் வாட்டிய தடித்த மாட்டிறைச்சி, காட்டுப்பன்றிக் குழம்பு ஊற்றிய பாஸ்தா, பெக்கோரினோ என்ற ஆட்டுப்பால் சீஸ் இவற்றோடுதான் இந்த ஒயின் வளர்ந்தது. கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தாங்கிக்கொள்ளும், தக்காளியின் புளிப்போடு சாஞ்சொவேசேயின் புளிப்பு சரிக்குச் சரி நிற்கும். நம் காரக் குழம்போடு வைத்தால் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பு கசப்பாகும். சமையலும் கெடும், ஒயினும் கெடும். மிளகாய் தூக்கலில்லாத ஆட்டுக்கறி வறுவல் தோதுப்படும். சாப்பாட்டுக்கு முன் ஒரு வாய், நடுவில் ஒரு வாய் என்று குடித்துப் பாருங்கள். முதல் வாயில் மேலீறைப் பிடித்த அந்தத் துவர்ப்பு இரண்டாவதில் பாதியாகியிருக்கும், பின்னாலிருந்த செர்ரி முன்னால் வந்திருக்கும்.